செத்த மீனை எண்ணினால் போதுமா?

கடலில் எண்ணெய் கொட்டியது என்று செய்தி வருகிறது. உடனே என்ன நடக்கிறது?

கரை கறுத்துப் போகிறது. மீன்கள் செத்து ஒதுங்குகின்றன. பறவைகள் சிறகை விரிக்க முடியாமல் தவிக்கின்றன. பத்திரிகைகளில் படம் வருகிறது. அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். தொழிலாளர்கள் எண்ணெயை அள்ளுகிறார்கள். சில வாரங்களில் தண்ணீர் தெளிந்து விடுகிறது. "அப்பாடா! ஆபத்து நீங்கியது" என்று எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய் விடுகிறோம்.

ஆனால், ஆபத்து அத்தோடு நீங்கி விடுவதில்லை.

செத்த மீனை எண்ணி விட்டோம். முட்டையிலேயே அழிந்த மீனை யார் எண்ணியது? பிறந்தும் நீந்தச் சக்தி இல்லாமல் போன குஞ்சை யார் எண்ணியது?

இந்தக் கேள்வியைக் கேட்டு, 30 ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக ஆராய்ந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட உண்மையைக் கடற்கரையில் வாழ்பவர்கள் மட்டும் அல்ல, மீன் வாங்கிச் சமைக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டும்.

நள்ளிரவில் கிழிந்த கப்பல்

அமெரிக்க நாட்டின் வடகோடியில் அலாஸ்கா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பனி மலைகள் சூழ்ந்த குளிர்ப் பிரதேசம் அது. அங்கே "பிரின்ஸ் வில்லியம் சவுண்டு" என்ற கடற்பகுதி உண்டு. நிலத்துக்குள் புகுந்து, தீவுகளுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கும் கடல். மீன் வளம் மிகுந்த இடம்.

1989-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள் ஆகி இருந்தன. "எக்சான் வால்டெஸ்" என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் அந்தக் கடலில் ஒரு பாறைத் திட்டில் மோதியது. கப்பலின் அடிப்பாகம் கிழிந்தது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது.

எண்ணெய் படிந்த கரையின் நீளம் சுமார் 2 ஆயிரம் கிலோ மீட்டர். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய மூன்று தடவை பயணம் செய்யும் தூரம்! சுமார் 2½ லட்சம் கடற்பறவைகளும், 2,800 கடல் நீர்நாய்களும் மாண்டு இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த சாவு. கண்ணுக்குத் தெரியாத சாவு அதன் பிறகுதான் தொடங்கியது.

முட்டையிடும் மாதம்

அந்தக் கடலில் ஹெர்ரிங் என்ற மீன் உண்டு. நம் ஊர் மத்தி மீனுக்கு அது உறவு. கூட்டம் கூட்டமாகத் திரியும். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதம் கரை ஓரத்துக்கு வரும். கடற்பாசிகளின் மேல் முட்டையிடும். ஒரு தாய் மீன் சுமார் 20 ஆயிரம் முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் கடுகை விடச் சற்றே சிறியது அல்லது கடுகு அளவு. பசை தடவியது போல் பாசியில் ஒட்டிக் கொள்ளும்.

கப்பல் உடைந்தது மார்ச் கடைசியில். ஹெர்ரிங் வந்தது ஏப்ரலில். எண்ணெயும் முட்டையும் ஒரே காலத்தில் கரையைத் தொட்டன.

அங்கே இன்னொரு மீனும் உண்டு. அது இளஞ்சிவப்பு சால்மன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஓடைகளுக்குத் திரும்பி வரும் மீன் அது. ஓடை கடலில் கலக்கும் இடத்தில், கூழாங்கற்களின் இடுக்கில் முட்டையிடும். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கல்லுக்கு அடியிலேயே கிடக்கும். அந்தக் கற்களுக்கு இடையிலும் எண்ணெய் இறங்கி இருந்தது. எண்ணெய் படிந்த ஓடைகளில், 1989-க்குப் பிறகும் சில ஆண்டுகள் வழக்கத்தை விட அதிகமாக முட்டைகள் செத்தன.

"எண்ணெய் கொட்டியது ஒரு நாள். மேலே மிதந்ததை அள்ளியும் ஆயிற்று. பிறகு ஏன் இன்னும் முட்டை சாகிறது?" இதுதான் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது.

ஐந்து லாரி தண்ணீரில் ஒரு சொட்டு

துணிப் பெட்டியில் அந்துருண்டை போடுகிறோம் அல்லவா? அதில் இருப்பது நாப்தலீன் என்ற பொருள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பல விஷப் பொருள்கள் கச்சா எண்ணெயில் இருக்கின்றன. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால், இந்தப் பொருள்கள் மிக மிகச் சிறிய அளவில் கரைந்து தண்ணீரில் கலக்கின்றன. தண்ணீர் தெளிவாகத் தெரியும். விஷம் அதில் இருக்கும்.

இவ்வளவு சிறிய அளவு என்ன செய்து விடும் என்று முன்பு நினைத்தார்கள். எண்ணெய் பழசானால் விஷம் தணிந்து விடும் என்றும் நம்பினார்கள். அலாஸ்காவில் உள்ள அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தார் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

பழைய எண்ணெய் பூசிய கற்களின் ஊடே தண்ணீரைச் செலுத்தி, அந்தத் தண்ணீரில் ஹெர்ரிங் முட்டைகளை வைத்தார்கள். 100 கோடி பங்கு தண்ணீரில் விஷம் ஒரு பங்கு கூட இல்லை. அப்படி இருந்தும் பொரித்த குஞ்சுகளிடம் ஊனம் காணப்பட்டது. 1999-ம் ஆண்டில் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

100 கோடியில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? 10 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஐந்தை வரிசையாக நிறுத்துங்கள். அந்த ஐந்து லாரித் தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அவ்வளவுதான்!

சால்மன் மீனை இன்னொரு விதமாகச் சோதித்தார்கள். எண்ணெய் பட்ட தண்ணீரில் முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். ஊனம் இல்லாமல், நல்ல ஆரோக்கியமாகத் தோன்றிய குஞ்சுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அடையாளம் இட்டுக் கடலில் விட்டார்கள். சுத்தமான தண்ணீரில் பொரித்த குஞ்சுகளையும் அதே போல் அடையாளம் இட்டு விட்டார்கள். பிறகு காத்திருந்தார்கள். வளர்ந்த மீன்கள் திரும்பி வந்தபோது எண்ணிப் பார்த்தார்கள்.

சுத்தமான தண்ணீரில் பிறந்தவை 100 திரும்பினால், எண்ணெய் பட்டவை 85 தான் திரும்பின. தண்ணீரில் கலந்திருந்த விஷமோ 100 கோடியில் 5 பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

கடலில் விட்டபோது எல்லாக் குஞ்சுகளும் ஒரே மாதிரிதான் இருந்தன. பார்த்தவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அப்படியானால் குறை எங்கே இருந்தது?

இருதயத்தில் விழுந்த அடி

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள அரசாங்க மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் இன்கார்டோனா என்ற விஞ்ஞானியும், அவருடைய கூட்டாளிகளும் இதற்கு விடை தேடினார்கள். சீப்ரா மீன் என்ற சிறு மீனின் முட்டையை எடுத்துக் கொண்டார்கள். உடம்பில் நீல வரிகள் ஓடும் மீன் இது. நம் இந்திய நாட்டு ஆறுகளிலும் வயல் நீரிலும் வாழ்வதுதான். இதன் முட்டை கண்ணாடி போன்றது. உள்ளே கரு வளர்வதை வெளியில் இருந்தே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

முட்டைக்குள் மீன் உருவாகும்போது, முதன்முதலில் வேலை செய்யத் தொடங்கும் உறுப்புகளில் ஒன்று இருதயம். முதலில் அது ஒரு சிறு குழாய். அந்தக் குழாய் துடிக்கும். துடித்துக் கொண்டே மடங்கி, வளைந்து இருதயத்தின் வடிவத்தைப் பெறும்.

எண்ணெய் விஷம் பட்டதும் அந்தத் துடிப்பு தடுமாறியது. வேகம் குறைந்தது. தாளம் தவறியது. இருதயத்தைச் சுற்றி நீர் கோத்தது. பிறகு முதுகெலும்பு வளைந்தது. தாடை சரியாக வளரவில்லை. எண்ணெய் முதலில் தாக்குவது இருதயத்தைத்தான், மற்றக் குறைகள் அதன் பிறகு வருகின்றன என்று 2004-ம் ஆண்டில் அவர்கள் எழுதினார்கள்.

அஸ்திவாரம் கோணினால் வீடு நேராக நிற்குமா?

குறை கடுமையாக இருந்தால் குஞ்சு சில நாளில் சாகும். இலேசாக இருந்தால் பிழைத்து விடும். ஆனால், கோணிய இருதயத்தோடு வாழும். 2015-ம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆராய்ச்சி இதை உறுதி செய்தது. முட்டைப் பருவத்தில் மட்டும் சிறிது எண்ணெய் பட்ட ஹெர்ரிங், சால்மன் மீன்களைப் பல மாதங்கள் சுத்தமான தண்ணீரில் வளர்த்தார்கள். வளர்ந்த பிறகும் இருதயத்தின் வடிவம் சரியாகவில்லை. அவற்றால் வேகமாக நீந்தவும் முடியவில்லை.

மீனுக்கு நீச்சல்தான் பிழைப்பு. இரையைத் துரத்தவும் அதுதான் வேண்டும். எதிரிக்குத் தப்பவும் அதுதான் வேண்டும். நீந்தச் சக்தி இல்லாத மீன் பெரிய மீனின் வாயில் போகும். அது கரை ஒதுங்காது. யார் கணக்கிலும் வராது.

சரி, பெரிய மீனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு இல்லை? பெரிய மீன் எண்ணெயைக் கண்டால் விலகி ஓடும். உள்ளே போன விஷத்தை அதன் கல்லீரல் முறித்து வெளியேற்றும். முட்டைக்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. இட்ட இடத்திலேயே கிடக்கும். அதன் மஞ்சள் கருவில் கொழுப்பு அதிகம். இந்த விஷங்களோ கொழுப்பைத் தேடிச் சேர்பவை.

மெக்சிகோ வளைகுடாவிலும் இதே கதை

"அலாஸ்கா குளிர்ப் பிரதேசம். வெப்பக் கடலில் இப்படி நடக்குமா?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் கிடைத்தது. அதற்கு இன்னொரு பெரிய விபத்து நேர வேண்டி இருந்தது.

2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20-ந் தேதி அமெரிக்காவின் தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் "டீப்வாட்டர் ஹொரைசன்" என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். கடலின் அடியில் இருந்து 87 நாட்கள் எண்ணெய் பொங்கிக் கொண்டே இருந்தது. கடலில் கலந்தது 31 லட்சத்து 90 ஆயிரம் பீப்பாய் என்று 2015-ம் ஆண்டில் நீதிமன்றம் தீர்மானித்தது.

ஏப்ரல், மே மாதங்களில்தான் அந்த வளைகுடாவுக்கு நீலத்துடுப்புச் சூரை மீன் முட்டையிட வருகிறது. அதன் முட்டைகள் கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும். எண்ணெயும் மேலேதான் மிதந்தது!

சூரை முதலிய பெரிய மீன்களின் முட்டைகளை, அந்த விபத்தின் எண்ணெய் கலந்த தண்ணீரில் வைத்துச் சோதித்தார்கள். அலாஸ்காவில் கண்ட அதே இருதயக் கோளாறு இங்கேயும் தெரிந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா பிளாக் அம்மையாரும் மற்றவர்களும் காரணத்தைக் கண்டார்கள். இருதயத் தசை சுருங்கி விரியப் பொட்டாசியமும் கால்சியமும் தசையின் நுண்ணறைகளுக்குள் போய் வர வேண்டும். எண்ணெய் விஷம் அந்த வழியை அடைத்துக் கொள்கிறது. 2014-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று.

அதே ஆண்டில் மாகி-மாகி என்ற மீனைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. முட்டைப் பருவத்தில் இரண்டே நாட்கள் எண்ணெய் பட்டது. பிறகு சில வாரங்கள் சுத்தமான தண்ணீரில் வளர்த்தார்கள். அந்தக் குஞ்சுகளின் நீச்சல் வேகம் 100-க்கு 37 பங்கு குறைந்து விட்டது.

இரண்டு நாள் விஷம். சில வாரம் கழித்தும் பலவீனம்!

நான்கு ஆண்டு கழித்து வந்த நஷ்டம்

மறுபடியும் அலாஸ்காவுக்கு வருவோம். கப்பல் உடைந்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1993-ம் ஆண்டு ஹெர்ரிங் மீனவர்கள் கடலுக்குப் போனார்கள். மீன் கூட்டத்தைக் காணோம்! அந்தத் தொழிலே படுத்து விட்டது. இடையில் இரண்டொரு ஆண்டு மட்டும் மீன் பிடிக்க அனுமதித்தார்கள். 1999-ம் ஆண்டில் மறுபடியும் மூடினார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் அது மூடியே கிடந்தது.

இதற்கு எண்ணெய் மட்டும்தான் காரணமா? சிலர் நோய்க் கிருமியைச் சொல்கிறார்கள். சிலர் இரைப் பஞ்சத்தைச் சொல்கிறார்கள். விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. இதை மறைக்கக் கூடாது. ஆனால், ஒன்று நிச்சயம். நஷ்டம் முதல் ஆண்டோடு முடிந்து விடும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

1991-ம் ஆண்டில் கப்பல் கம்பெனி 90 கோடி டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. முன்கூட்டித் தெரியாத சேதம் பிற்பாடு தெரிய வந்தால், மேலும் 10 கோடி டாலர் வரை கேட்கலாம் என்பதே அது. 2006-ம் ஆண்டில் அரசாங்கம் அந்த ஷரத்தின்படி 9 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டது. 2015-ம் ஆண்டில் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. பணம் வரவில்லை. இருந்தாலும், "பின்னால் தெரியும் சேதம்" என்று ஒன்று உண்டு என்பதைச் சட்டப் பத்திரத்தில் எழுதி வைத்தார்களே, அது நல்ல யோசனை.

நம் கரையில் என்ன செய்தோம்?

நமக்கும் இந்த அனுபவம் உண்டு.

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. கெட்டியான எரி எண்ணெய் கடலில் கொட்டியது. இளைஞர்கள் கடலில் இறங்கி வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியை உலகமே பார்த்தது.

2023-ம் ஆண்டு டிசம்பரில் "மிச்சாங்" புயல் வந்தது. மணலிப் பகுதியில் இருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்தது. எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் எண்ணெய். காட்டுக்குப்பம் முதலிய மீனவக் கிராமங்களின் படகுகளும் வலைகளும் பாழாயின.

இரண்டு தடவையும் எண்ணெயை அள்ளினோம். படகை எண்ணினோம். வலையை எண்ணினோம். நிவாரணமும் கொடுத்தோம். அதெல்லாம் அவசியமே. அவற்றைக் குறை சொல்லவில்லை.

ஆனால் கழிமுகம் என்பது என்ன? ஆறும் கடலும் கூடும் அந்த இடம், இறால் குஞ்சுக்கும் மடவைக் குஞ்சுக்கும் தொட்டில். அங்கே வளர்ந்துதான் அவை கடலுக்குப் போகின்றன. தொட்டிலில் விஷம் விழுந்த பிறகு, கூடத்தை மட்டும் கழுவி விட்டால் போதுமா?

நம் சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்கிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காகவே இந்தத் தடை. மீனவர் தம் வருமானத்தை விட்டுக் கொடுத்து வீட்டில் இருக்கிறார். குழந்தைகளுக்குச் சோறு போட கடன் வாங்குகிறவரும் உண்டு. முட்டைக்காக அவர் இவ்வளவு தியாகம் செய்கிறார். எண்ணெயை ஒழுக விடுகிறவருக்கு அந்தப் பொறுப்பு வேண்டாமா?

செய்ய வேண்டியவை

முதலாவது: அடுத்த முறை எங்கே எண்ணெய் கொட்டினாலும், முதல் வாரத்திலேயே மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதே இடத்தில், அதே மாதத்தில், குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். முடிவை எளிய தமிழில் அச்சிட்டு மீனவர் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது: நஷ்டஈட்டை ஒரு மாத வருமானத்தோடு முடித்து விடக் கூடாது. பின்னால் தெரியும் சேதத்துக்கும் பணம் கேட்க வழி வைக்க வேண்டும். அதற்குக் காலக்கெடுவும் ஆதாரமும் இன்னதென்று தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் அலாஸ்காவில் நடந்தது போல் கோரிக்கை காகிதத்திலேயே நின்று விடும்.

மூன்றாவது: ஆலைகளின் எண்ணெய்த் தொட்டியும் கழிவுநீர்க் குட்டையும் புயல் வெள்ளத்தைத் தாங்குமா என்று மழைக்காலத்துக்கு முன்பே சோதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பது நமக்குத் தெரியாத ரகசியம் அல்ல.

நான்காவது: இது நம் எல்லோருக்கும். பட்டறையில் மாற்றிய பழைய என்ஜின் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். படகின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரைத் துறைமுகத்தில் இறைத்துக் கொட்டாதீர்கள். சாக்கடை ஆற்றுக்குப் போகிறது. ஆறு கழிமுகத்துக்குப் போகிறது. ஐந்து லாரித் தண்ணீருக்கு ஒரு சொட்டு என்ற கணக்கை மறக்க வேண்டாம். ஒவ்வொரு மீன்பிடி துறைமுகத்திலும் பழைய எண்ணெய் ஊற்ற ஒரு பீப்பாய் வைத்தால், மீனவர்கள் கட்டாயம் அதில் ஊற்றுவார்கள். வைக்க வேண்டியவர்கள் வைக்க வேண்டும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். முளையிலே பட்ட அடியும் பின்னால் தெரியத்தான் செய்யும். நான்கு ஆண்டு கழித்து வலை காலியாக வரும்போது, "கடல் அம்மா கை விட்டாளே" என்று அழுது பயன் இல்லை. கடல் கை விடவில்லை. கடுகு அளவு முட்டைக்குள் துடிக்கத் தொடங்கிய இருதயத்தை நாம்தான் நிறுத்தினோம்.

ஆகவே, செத்து ஒதுங்கிய மீனோடு கணக்கை முடிக்காதீர்கள். பிறக்க வேண்டிய மீனையும் சேர்த்து எண்ணுங்கள். அந்தக் கணக்குதான் நாளைக்கு மீனவர் வீட்டு அடுப்பு எரியுமா, நம் வீட்டுச் சட்டியில் மீன் குழம்பு இருக்குமா என்பதைச் சொல்லும்.